தலை நிமிர்ந்து பையைத் தூக்கு, தங்கச்சி!

நுகேகொடை மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் குட்டிக் கட்டில், நாலு சில்லு வண்டி, ரோசாப்பூ நிறத்தில் பிரசவத்துக்கென்றே தைத்த ஒரு பை. பெருத்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு நீ அதன் முன்னால் நிற்கிறாய். விலைச்சீட்டைப் பார்க்கிறாய். கையில் இருக்கும் பர்ஸை ஒருதரம் தடவிப் பார்க்கிறாய். முகம் சுருங்கிப் போகிறது.

முகத்தைத் தூக்கு, தங்கச்சி! அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஒன்றும் உன் பிள்ளை பிறக்கத் தேவையில்லை. ஒன்றுகூட இல்லை! நான் சும்மா சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டு எட்டு மாத வயிற்றோடு அதே இடத்தில் நின்றவள் நான். வீட்டுக்குப் போய் அழுதவளும் நான்தான். அந்த அழுகை எவ்வளவு வீண் என்று தெரிந்ததால்தான் இன்று இதை உனக்கு எழுதுகிறேன்.

அந்த வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. ஜூன் 28 தொடக்கம் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது; முந்தின வருஷம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு 195 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. என் கணவருக்கு அச்சகத்தில் வேலை. நாட்டில் கடதாசியே இல்லாத நேரம். வேலை பாதியாகிச் சம்பளமும் பாதியானது. பிரசவப் பைக்கென்று எங்களால் ஒதுக்க முடிந்தது 9,000 ரூபா.

காசு இல்லாதது சுட்டது உண்மைதான். அதைவிடச் சுட்டது ஒரு கேள்வி. வெள்ளவத்தையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டார்: “என்ன பிள்ளை, கவர்மென்ட் ஆஸ்பத்திரியிலயோ பெறப்போறாய்? பிரைவேட்டில காட்டேல்லையோ?” எனக்கு வாய் அடைத்துப் போனது. ஏதோ களவு செய்து பிடிபட்டவள் போல, “இல்லை, பிறகு பாப்பம்” என்று மழுப்பினேன். இன்று அந்தக் கேள்வி வந்தால் மழுப்ப மாட்டேன். நீயும் மழுப்பாதே. “ஓம், அங்கேதான் பெறப்போறன்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்!

ஏனென்று தெரியுமா? கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சி என்ற ஏற்பாடு அங்கிருந்து நாடெங்கும் பரந்தது. 1930களில் இந்தத் தீவில் 1,00,000 பிரசவங்களுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் செத்துப் போனார்கள். இப்போது அந்தக் கணக்கு 30 அளவுக்கு இறங்கிவிட்டது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. இதெல்லாம் பளிங்குத் தரை போட்ட இடங்களில் மட்டும் நடந்ததில்லை. கட்டில் நெருக்கமான வார்டுகளிலும், குடையும் பையுமாக ஒழுங்கையில் நடந்து வரும் குடும்பநல உத்தியோகத்தர்களின் கால்களிலும் நடந்தது. களுபோவில ஆஸ்பத்திரி வாசலிலோ பொரளை காசல் வீதி ஆஸ்பத்திரி வாசலிலோ நீ நிற்கும்போது யாரிடமும் பிச்சைக்கு நிற்கவில்லை. உன் அப்பா தேயிலைக்கும் சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கட்டின வரியில் எழுந்த கட்டடம் அது. அது உன் வீடு!

மேரி ரட்ணம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறாயா? 1896இல் கனடாவிலிருந்து மிஷன் மருத்துவராக இங்கே வந்தவர். தமிழர் ஒருவரைக் கலியாணம் செய்தார் என்பதற்காக மிஷன் அவரைக் கைவிட்டது. கப்பலேறித் திரும்பிப் போனாரா? இல்லை! கொழும்பிலேயே தங்கி இந்நாட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1930களின் தொடக்கத்தில் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கிக் கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரமும் கைத்தொழிலும் கற்றுக் கொடுக்க வழி செய்தார். 1958இல் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தது. மதிப்பு மறுக்கப்பட்ட இடத்தில் அவர் குனியவில்லை. ஒரு சொந்தக்காரரின் கேள்விக்கா நீ குனியப் போகிறாய்?

சரி, பைக்கு வருவோம். முதல் வேலை கடைக்குப் போவது அல்ல. கிளினிக்கில், நீ பெறப் போகும் ஆஸ்பத்திரியில் என்னென்ன கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று கேள். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும். சுவரில் சிங்களத்தில் மட்டும் ஒட்டியிருந்தால் போனில் படம் எடுத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டு. மருத்துவிச்சி மிஸ்ஸிடம் கேள். திரிபோஷ மாவையும் இரும்புச்சத்துக் குளிசையையும் வாங்குவதற்கு மட்டுமா அவரிடம் போகிறாய்? கர்ப்பிணிகளுக்கான போஷாக்குக் கொடுப்பனவு உனக்கு உண்டா, பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்களா, எல்லாவற்றையும் கேள். வாயைத் திறந்து கேட்கிறவளுக்குப் பாதிச் செலவு மிச்சம்.

நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது: பிள்ளை பிறக்க முன்னம் ஒன்றும் வாங்கக் கூடாது. அம்மம்மா இப்படிச் சொன்னதும் எனக்குக் கோபம் வந்தது. ஆறுதலாக யோசித்தபோதுதான் விளங்கியது, அந்த மனுசி எனக்கு அந்த 9,000 ரூபாவில் மிச்சம் பிடிக்கும் வழியைக் காட்டுகிறார் என்று. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாதே, சுகமாக வளர்ந்த பிள்ளையின் பழஞ்சட்டையைப் போடு என்றுதானே நம் கிழவிகள் சொல்லி வந்தார்கள்? பல தடவை தோய்த்த பருத்திதான் பச்சை உடம்புக்கு மெத்தென்று இருக்கும். கடையில் மொடமொடவென்று மடித்து வைத்த புதுச்சட்டையில் கஞ்சியும் சாயமும் இருக்கும். தோய்க்காமல் போட்டால் தோல் சிவக்கும். பழந்துணி என்றால் வெட்கப்படாதே. அது நம் பாட்டிகள் கண்ட அறிவு!

அம்மாவின் பழைய வொயில் சீலை ஒன்றை எடுத்தேன். கொதிநீரில் போட்டு, சவர்க்காரம் போட்டு அலசி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்தேன். கரையை வெட்டி எறிந்துவிட்டுக் கிழித்தேன்: பதினாறு சதுரம் கிடைத்தது. ஓரம் மடித்துத் தைக்க எனக்கு இரண்டு இரவு போனது, அதுவும் மெழுகுதிரி வெளிச்சத்தில். ஒவ்வொன்றையும் இஸ்திரி போட்டு மடித்தபோது என் கை நடுங்கவில்லை. ‘வாங்க முடியவில்லை’ என்று அதுவரை அழுதுகொண்டிருந்தவள், ‘நான் செய்துவிட்டேன்’ என்று சொன்ன இரவு அது. உனக்கும் அந்த இரவு வேண்டும். எந்தக் கடையிலும் அதை விற்கமாட்டார்கள்.

பம்பர்ஸ் ஒரு சின்னப் பக்கெட் இருந்தால் போதும், இரவுக்கு. மற்றதெல்லாம் சீலைத்துணி பார்த்துக்கொள்ளும்.

பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா ஒரு நாள் மதில் மேலால் ஒரு பையை நீட்டினார். மெரூன் நிறப் பயணப் பை; ஜிப் பாதி அறுந்தது. உள்ளே அவருடைய மகனின் ஆறு குட்டிச் சட்டைகள், இரண்டு தொப்பி, ஒரு பிளனல் விரிப்பு. “நங்கி, மேக்க கன்ன” (தங்கச்சி, இதை எடு) என்றார். நான் தயங்கினேன். இரவல் வாங்குவது குறைவு என்று என் மனதுக்குள் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் பையை மதிலில் வைத்துவிட்டுப் போயேவிட்டார். கொடுக்கிற கையைத் தட்டிவிடாதே, தங்கச்சி. உன் பிள்ளைக்கு ஊரில் எத்தனை மாமிமார் இருக்கிறார்கள் என்று அன்றுதான் நீ எண்ணிப் பார்ப்பாய்.

காசை எங்கே செலவழிக்க வேண்டுமோ அங்கே கை சுருக்காதே. 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். முன்பக்கம் திறக்கிற நைட்டி இரண்டு வாங்கினேன். பால் கொடுக்க அது வேண்டும். பெரிய அளவு பேட் நாலு பக்கெட். பிரசவத்துக்குப் பிறகு பல நாள் இரத்தப் போக்கு இருக்கும், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் கிருமி தொற்றும். ரப்பர் விரிப்பு, வாசனை கூடாத சவர்க்காரம், கால் வழுக்காத செருப்பு. எல்லாம் 5,600 ரூபாவுக்குள் முடிந்தது. துவாய், கோப்பை, கரண்டி, பல் தூரிகை, சீப்பு, பிளாஸ்க் எல்லாம் வீட்டில் இருந்தவை. போன் சார்ஜர், ரீலோட் அட்டை. கரண்ட் போகும் காலம் என்பதால் ஒரு டோர்ச்.

மீதி 3,400 ரூபாவைக் கடித உறைக்குள் வைத்துப் பையின் அடியில் போட்டேன். அந்த உறைதான் கடைசியில் என்னைத் தாங்கியது. வார்டில் கையிருப்பு முடிந்துபோன ஒரு மருந்தை வெளியில் வாங்கிவரச் சொன்னார்கள். இரவு ஒன்பது மணி. என் கணவர் யாரிடமும் கடன் கேட்டு ஓடவில்லை. உறையை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் போனார். நாலு சில்லு வண்டி வாங்கியிருந்தால் அன்று அதை உருட்டிக்கொண்டா போயிருப்பார்? தாலிக்கொடியை அடகு வைத்துத் தொட்டில் வாங்க நினைக்கிறவளே, கேள்: தொட்டில் மூலையில் கிடக்கும், வட்டி மாதாமாதம் வாசலுக்கு வரும். நகையை வீட்டில் பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு வா. பிரசவ அறையில் அதற்கு வேலை இல்லை.

பால்மா டின், போத்தல், சூப்பி மூன்றையும் பட்டியலிலிருந்து வெட்டு. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுக்கொள். மஞ்சளாகக் கொஞ்சமாய் வருகிற சீம்பால் போதாது என்று பக்கத்துக் கட்டிலில் யாராவது சொல்வார்கள், காதில் போடாதே. பிறந்த பிள்ளையின் வயிறு அவ்வளவு சின்னது. பால் இறங்கத் தாமதமானால், பிள்ளை பிடிக்காமல் கத்தினால், வெட்கப்படாமல் வார்ட் மிஸ்ஸைக் கூப்பிட்டுப் பிடிக்க வைக்கச் சொல். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. எந்தக் கம்பனியாலும் செய்ய முடியாத ஒன்று உன் உடம்பில் ஊறுகிறது. அதை வைத்துக்கொண்டு நீ ஏழை என்கிறாயா?

நான் சொல்வதை நம்பாவிட்டால் இரண்டு அரசாங்கங்களின் கணக்கைப் பார். பின்லாந்தில் 1938இல் வசதி குறைந்த தாய்மாருக்கு ஓர் அட்டைப்பெட்டி கொடுக்கத் தொடங்கினார்கள். 1949இலிருந்து எல்லாத் தாய்மாருக்கும். உடுப்பு, விரிப்பு, சின்ன மெத்தை. சாமானை எடுத்தபின் மெத்தையை விரித்தால் அந்தப் பெட்டியே பிள்ளைக்குக் கட்டில்! பணக்கார வீட்டுப் பிள்ளையும் அட்டைப்பெட்டியில் தூங்கிய நாடு அது. தமிழ்நாட்டில் 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிறக்கும் பிள்ளைகளுக்கு அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுத்தார்கள். பதினாறு பொருள். துவாய், சட்டை, கொசுவலை, எண்ணெய், நகவெட்டி, கிலுகிலுப்பை. தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம். ஒரு பிள்ளைக்கும் தாய்க்கும் என்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்த இரண்டு இடங்களிலும் பட்டியல் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. உன் பட்டியலும் ஒரு பைக்குள் அடங்கும்.

இனி, காசே செலவில்லாத ஒன்றைச் சொல்கிறேன். பையில் இருப்பவற்றில் இதுதான் பெரிது: ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் உன் கடதாசிகள். கர்ப்பிணி அட்டை, ஸ்கேன், இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இருவரின் அடையாள அட்டைப் பிரதி, விவாகச் சான்றிதழ்ப் பிரதி. கூடவே ஒரு வெள்ளைத் தாள். அதில் உன் பெயர், கணவர் பெயர், இருவரின் தகப்பன் பெயர்கள், பிள்ளைக்கு நினைத்து வைத்த பெயர், எல்லாவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அடையாள அட்டையில் இருக்கிற அதே எழுத்துக்களில் எழுது. யாராவது எழுதித் தந்தால் சிங்களத்திலும்.

இது சின்ன விஷயம் இல்லை! நம் பெயர்களில் ஞவும் ழவும் ளவும் இருக்கின்றன. ஞானாம்பிகை கனாம்பிகா ஆகிவிடுவாள். ஒரு எழுத்து பிசகினால் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, அடையாள அட்டை எடுக்கும்போது, பாஸ்போர்ட் எடுக்கும்போது கந்தோர் கந்தோராக அலைய வேண்டிவரும். என்னை வார்டில் சேர்த்த இடத்தில் ஒருவர் என் பெயரை மூன்று தரம் மூன்று விதமாக எழுதினார். வலி விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. நான் அந்தத் தாளை மேசையில் வைத்து, “இப்படி எழுதுங்கள்” என்றேன். குரல் உயரவில்லை, ஆனால் தாளிலிருந்து விரலையும் எடுக்கவில்லை. அவர் வெட்டிவிட்டுச் சரியாக எழுதினார். பிறப்பை மூன்று மாதத்துக்குள் பதிந்துவிடு. பதிவாளர் எழுதியதைக் கையெழுத்து வைக்குமுன் எழுத்தெழுத்தாக வாசி. பிள்ளையின் வளர்ச்சிக் கொப்பி தமிழில் இருக்கிறதா என்று கேட்டு வாங்கு. தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. கேட்பது சலுகை அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்தோ ஹட்டனிலிருந்தோ புதிதாக வந்து, சிங்களம் வாயில் வராமல் தவிக்கிறவளா நீ? தாளின் பின்பக்கத்தில் நாலு வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வை. நீர்க்குடம் உடைந்தால் ‘வத்துர கியா’. இரத்தம் வந்தால் ‘லே எனவா’. வலித்தால் ‘ரிதெனவா’. பிள்ளை அசையவில்லை என்றால் ‘பபா ஹெல்லென்னே நே’. இந்த நாலும் வாயில் இருந்தால் எந்த வார்டிலும் உன் உயிர் மொழிக்காகக் காத்திருக்காது.

அசைவு என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். முப்பத்தாறு கிழமைக்குள் பையைக் கட்டி வை. ஆனால் பிள்ளையின் அசைவு குறைந்தால், இரத்தம் வந்தால், நீர் உடைந்தால், தலை பிளக்கும் வலியோடு கண் மங்கினால் பை கட்டி முடியவில்லையே என்று ஒரு நிமிஷம்கூட நிற்காதே. அட்டையை மட்டும் எடு, ஓடு! வாகனம் இல்லையா? 1990ஐ அழை. சுவசெரிய அம்புலன்ஸ், 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி இன்று நாடு முழுக்க ஓடுகிறது. ஒரு சதமும் கேட்கமாட்டார்கள். நைட்டியும் நாப்பியும் பின்னால் வரும்.

எனக்கு ஓகஸ்ட் மாதம் ஒரு விடியற்காலையில் வலி எடுத்தது. ஒழுங்கை முனையில் நிற்கும் ஓட்டோக்காரர் எனக்கென்று ஒரு கானில் இரண்டு லீற்றர் பெட்ரோலைத் தொடாமல் வைத்திருந்தார். கியூஆர் பங்கீட்டு முறையில் கிழமைக்குக் கிடைத்த சொற்பத்திலிருந்து எடுத்து வைத்தது. ஹைலெவல் வீதியில் ஒரு வாகனம்கூட இல்லை. ஜிப் அறுந்த பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். பத்து மணிபோல் மகள் பிறந்தாள். பிசிஜி ஊசி போட்டார்கள். அம்மாவின் சீலைத்துண்டில் சுற்றி, பக்கத்து வீட்டு அக்காவின் மகனுடைய சட்டையைப் போட்டு என் கையில் தந்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி, “எங்க வாங்கினீங்க, நல்ல மெதுவா இருக்கு” என்று அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டணம் ஒரு ரூபாவும் இல்லை.

அந்தப் பையை நான் வைத்துக்கொள்ளவில்லை. தோய்த்து, காயவைத்து, புதிதாக ஒரு சவர்க்காரமும் ஒரு பக்கெட் பேட்டும் போட்டு, கொஹுவலையில் இருக்கும் ஒரு டீச்சருக்குக் கொடுத்தேன். அவர் இரண்டு தொப்பி சேர்த்துத் தெல்கந்தையில் வாடகை அறையில் இருந்த ஹட்டன் பிள்ளைக்குக் கொடுத்தார். அவள் தன் கையால் தைத்த ஆறு நாப்பி சேர்த்தாள். இப்போது கொட்டாஞ்சேனையில், மாடிக் குடியிருப்பு ஒன்றின் கதவடியில் அது இருக்கிறது. முதல் ஆறு சட்டையில் நாலு இன்னும் கிழியவில்லை. வெள்ளைத் தாள் மட்டும் ஒவ்வொருத்தியும் புதிதாக எழுத வேண்டும்.

கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு நாள் அடுத்த மாதம் பத்தாம் திகதி. உனக்கு இன்னும் ஒன்பது கிழமை இருக்கிறது என்றாய். ஜிப் இந்தமுறை முழுதாகவே போய்விட்டதாம். பை வந்ததும் நுகேகொடை ஸ்டேஷனடியில் சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்து மாற்றிவிட்டுக் கொண்டுவருகிறேன். அதற்குள் நீ அம்மாவிடம் ஒரு பழஞ்சீலை கேட்டு வை.